இருபத்து மூன்று கிலோ தமிழ்

சித்தி வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி திறந்தபடி கிடந்தது. அதில் இரண்டு பட்டுப்புடவை, ஒரு கிலோ கோலமாவு, பித்தளைக் குத்துவிளக்கு, கண்ணாடிச் சட்டம் போட்ட அண்ணாமலையார் படம், வாழ்நாளில் ஒருநாளும் நாட்டியம் ஆடாதவளுக்காக யாரோ வாங்கிக் கொடுத்த சலங்கை, சாம்பார்ப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் விமானத்தில் அனுமதி. சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நின்று, பிறகு தன் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஒன்பது மாதம் தமிழ் கற்பிக்கப் போகிறாள். தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. எனக்கு உறுத்தியது ஒன்றுதான். தமிழ் கற்பிக்கப் போகிறவளின் பெட்டியில் தமிழ் கற்பிக்க உதவும் பொருள் ஒன்றுகூட இல்லை.

"புக்கு எதுவும் எடுத்துக்கலையா?" என்று கேட்டேன்.

"தமிழ் எனக்குத் தெரியாதா ண்ணா?" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலோடு நான் போடும் சண்டை. அவளோடு இல்லை, அந்தப் பதிலை அவள் வாயில் வைத்த நம் எல்லோரோடும்.

*

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஃபுல்பிரைட் உதவித்தொகைகளில் எஃப்.எல்.டி.ஏ. என்று ஒன்று உண்டு. பல நாடுகளிலிருந்து இளம் ஆசிரியர்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வரவழைத்து, அவரவர் தாய்மொழியை அங்குள்ள மாணவர்களுக்குக் கற்பிக்க வைக்கும் திட்டம். ஒரு கல்வியாண்டு. வாரத்துக்கு இருபது மணிநேரம்வரை வேலை. கூடவே ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு பாடங்களை மாணவராக உட்கார்ந்து படிக்க வேண்டும், பட்டம் கிடையாது. முடிந்ததும் ஊர் திரும்பிவிட வேண்டும். அரபு, சுவாஹிலி, இந்தி, உருது என்று நீளும் வரிசையில் தமிழ் கற்பிக்கப் போனவர்களும் இருக்கிறார்கள்.

இதற்குத் தேர்வாகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கில ஆசிரியர்கள். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் குறைவு. இதைக் கேட்டதும் நம் ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிப்பவருக்கு ஒரு மொழியை வெளியிலிருந்து பார்க்கத் தெரியும். 'ஹி கோ' என்று எழுதும் மாணவனை அவர் தினமும் பார்க்கிறார், அவன் ஏன் அப்படி எழுதுகிறான் என்று அவருக்குப் புரியும். நம் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வீட்டிலேயே தமிழ் பேசக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். தமிழே தெரியாத ஒருவருக்குத் தமிழை எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி அந்த வகுப்பில் எழுவதே இல்லை.

சித்தி மகளும் ஆங்கில இலக்கியம் படித்தவள், கல்லூரியில் கற்பித்தவள். ஆறு மாதமாகத் தயாரானாள். எதற்கு? ஆங்கிலத் தேர்வுக்கு, நேர்காணலுக்கு, விசாவுக்கு, குளிருக்கு. போய்வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இருவருமாகத் தேடினோம். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் முதல் பனிப்பொழிவுப் படம், தீபாவளிக் கொண்டாட்டப் படம், புடவை கட்டிய அமெரிக்க மாணவிகளின் படம். முதல் வாரம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தோம், எங்கே தடுமாறினோம் என்று எழுதிய ஒரு பக்கம் எங்கள் கண்ணில் படவில்லை.

*

அன்று இரவு மொட்டைமாடியில் ஒரு ஒத்திகை வைத்தோம். எதிரே மலை. கீழே செங்கம் ரோட்டில் லாரிச் சத்தம். நான் மாணவன், அவள் ஆசிரியை.

"வந்தான் என்பதற்கும் வந்துட்டான் என்பதற்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

சிரித்தாள். யோசித்தாள். "ரெண்டும் ஒண்ணுதான். இல்ல… ஒண்ணு இல்ல. வந்துட்டான்னா… வந்துட்டான்."

"எனக்குப் பசிக்குதுன்னு சொல்றீங்க. நான் பசிக்கிறேன்னு ஏன் சொல்லக்கூடாது? எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். இதுலயெல்லாம் 'நான்' எங்க போச்சு?"

பதில் இல்லை.

"நட, நடந்தான். படி, படித்தான். பாடு, பாடினான். போடு, போட்டான். எந்த வினைக்கு எது வரும்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அது அப்படித்தான் ண்ணா வரும்."

"பம்பரத்துல முதல் ப வேற சத்தம், ரெண்டாவது ப வேற சத்தம். எழுத்து மட்டும் ஒண்ணு. ஏன்?"

ஏறத்தாழ அழும் நிலைக்கு வந்துவிட்டாள். இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் பதில் உண்டு. மெல்லெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லெழுத்து மென்மையாக ஒலிக்கும். மொழிமுதலில் வன்மையாக ஒலிக்கும். 'விடு' என்ற துணைவினை சேர்ந்தால் செயல் முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற பொருள் ஏறும். வினைகளை அவற்றின் இறந்தகால வடிவத்தை வைத்துச் சில வகைகளாகப் பிரிக்கலாம். மொழியியல் நூல்களில் இவை எல்லாம் இருக்கின்றன. ஹெரால்டு ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே ஒரு முழு இலக்கணம் எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 1999-இல் வெளியிட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டு தமிழ்ப் பாடம் படித்து, வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த ஒருத்திக்கு இதில் ஒன்றுகூடச் சொல்லித்தரப்படவில்லை. அவளுக்குச் சொல்லித்தரப்பட்டது தமிழின் பெருமை.

பெருமை ஒரு பாடத்திட்டம் ஆகாது. என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பத்து வருடப் பழைய மென்பொருள், லட்சக்கணக்கான வரிகள், பிரமாதமாக ஓடும். புதிதாக ஒருவர் குழுவில் சேர்ந்து "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டால், "அது அப்படித்தான் ப்ரோ" என்பார்கள். கேட்டவரை முட்டாள் போல் உணர வைத்துவிட்டு, சிஸ்டம் எவ்வளவு பழையது என்று பெருமை பேசுவார்கள்.

*

எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையைக் கண்ணால் பார்க்கலாம். ரமணாச்சிரமத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஊர் இது. பத்து, பதினைந்து வருடமாக இங்கேயே வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் வெறுங்காலில் நடப்பார்கள். தமிழ் வராது. "இத்தனை வருஷம் இருந்துக்கினு ஒரு வார்த்த பேசத் தெரியல பாரு" என்று ஊரில் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

சித்தி வீட்டு மாடிப் போர்ஷனில் அப்படி ஒரு அம்மாள் குடியிருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவரிடம் நேராகக் கேட்டேன், ஏன் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை என்று. கோபப்படாமல் சொன்னார். வந்த புதிதில் ஒரு புத்தகம் வாங்கிப் படித்தாராம். ஆட்டோக்காரரிடம் போய், "நான் பேருந்து நிலையத்திற்குச் செல்ல விரும்புகிறேன்" என்று ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்திருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டே சிரித்திருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். அப்புறம் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார்கள். கடையில், பாங்கில், பக்கத்து வீட்டில் எல்லா இடத்திலும் இதே கதை. தான் படித்த மொழியை யாரும் பேசவில்லை, எல்லோரும் பேசும் மொழிக்குப் புத்தகம் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆறு மாதத்தில் விட்டுவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் முகம் ஞாபகம் வந்தது. பெங்களூரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த கன்னடம் 'கொத்தில்லா', அதாவது தெரியாது. காய்கறிக்காரர் தமிழில் பேசிவிடுவார், அலுவலகத்தில் ஆங்கிலம், தேவையே வரவில்லை. இங்கே உட்கார்ந்து அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவராவது புத்தகம் வாங்கிப் பார்த்தார்.

*

மறுநாள் பெரியப்பா வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைத் தமிழ் படிக்க வைத்தவரே அவர்தான். இதை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

"பேச்சுத் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம்னு இருக்கோம் பெரியப்பா" என்றேன்.

"எந்தப் பேச்சு?" என்றார். "உன் பேச்சா, திருநெல்வேலிக்காரன் பேச்சா, கோயமுத்தூரா, யாழ்ப்பாணமா? ஊருக்கு ஊர் மாறுறதை எப்படிப்பா பாடமா வைப்பே? அந்த வெள்ளக்காரப் பசங்க நாளைக்கு ஒரு பத்திரிகை படிக்க வேணாமா? மதுரைக்காரனும் யாழ்ப்பாணத்துக்காரனும் மலேசியாக்காரனும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சிக்கிறது எழுத்துத் தமிழாலதான். அதை விட்டுட்டு கொச்சையைக் கத்துக்குடுத்தா, மொழி துண்டுதுண்டாப் போயிடும்."

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. எழுத்துத் தமிழ் நம் எல்லோருக்கும் பொதுக்கூரை என்பது உண்மை. பேச்சுத் தமிழ் மட்டும் கற்ற மாணவர் நூலகத்தில் குருடர். இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டில் ஒன்று என்று யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், அவரும் தமிழை வெளியிலிருந்து வந்து கற்றவர். வீரமாமுனிவர் லத்தீனில் இரண்டு தமிழ் இலக்கணங்கள் எழுதினார். ஒன்று செந்தமிழுக்கு. மற்றொன்று, மக்கள் பேசிப் புழங்கும் கொடுந்தமிழுக்கு. இந்த இரண்டாவது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. கத்தோலிக்கரான அவருடைய நூலை அச்சிட்டது, அவரோடு ஓயாமல் மோதிக்கொண்டிருந்த லுத்தரன் மிஷனின் அச்சகம். மதச் சண்டையையும் மீறி அந்தப் புத்தகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதே தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். ஐரோப்பாவுக்குத் திரும்பிய பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூட அழைத்துப் போனார். அந்தப் பயணத்தில் உருவான தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. சித்தி மகளுக்கு முன்னோடி தேட வேண்டுமென்றால் எனக்கு அந்த மலையப்பன்தான் தெரிகிறார்.

பழங்கதை வேண்டாம் என்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாடு. வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறுவதைக் கண்டு பயந்து, 2005-இல் ஒரு குழு போட்டு, பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவர முடிவு செய்தார்கள். அதற்கு 'தரமான பேச்சுத் தமிழ்' என்று ஒரு வரையறையும் வைத்துக்கொண்டார்கள். எல்லா ஊர்க்காரருக்கும் புரிகிற, எந்த ஒரு ஊருக்கும் சாதிக்கும் மட்டும் சொந்தமில்லாத பேச்சு. அதனால் அங்கே எழுத்துத் தமிழ் சாகவில்லை. பேசத் தெரிந்தால்தான் எழுத்து எதற்கு என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

பெரியப்பா முழுவதும் கேட்டார். "சிங்கப்பூர்ல தமிழ்ப் பிள்ளைங்களுக்கு. இது வேற" என்றார். பிறகு, "லத்தீன்ல எழுதினாரா?" என்று கேட்டார்.

*

'எந்தப் பேச்சு?' என்ற பெரியப்பாவின் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதைச் சித்தி மகள்தான் வெளியே எடுத்தாள்.

அவள் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தவள். முதல் வாரமே, "சாப்ட்டுக்கினு வரேன்" என்று சொன்னதற்கு அறையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். 'க்கினு' என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அந்தச் சொல்லை நாக்கிலிருந்து அறுத்தெறிந்துவிட்டாள். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் வெளியே வராந்தாவுக்குப் போய்விடுவாள்.

"அங்க போய் நான் பேசுறதைத்தானே அவங்க தமிழ்னு நினைப்பாங்க? நான் தப்பாப் பேசிட்டா?" என்றாள்.

இதுதான் விஷயம். நம் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும்போதே, உன் அம்மா பேசுவது தமிழ் இல்லை என்றும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறது. கொச்சை, வழு, பிழை என்று சிவப்பு மையில் அடிக்கிறது. எந்தப் பேச்சு கொச்சை, எது 'நல்லா இருக்கு' என்பதை முடிவு செய்வது இலக்கணம் மட்டும் இல்லை; ஊர், சாதி, பணம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அப்படி வெட்கப்பட வைக்கப்பட்ட ஒருத்தியை ஒருநாள் விமானம் ஏற்றி, போய் உலகத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்கிறோம். பாவம், அவள் புடவையையும் கோலமாவையும் தூக்கிக்கொண்டு போகாமல் வேறு எதைத் தூக்கிக்கொண்டு போவாள்? கோலத்தில் யாரும் பிழை கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோலத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. வகுப்பில் ஒருநாள் கோலம் போடட்டும். போடும்போது 'புள்ளி வை', 'கோடு இழு', 'அழிச்சிட்டுத் திரும்பப் போடு' என்று ஏவல் வினைகளைச் சொல்லிக்கொடுத்தால் அது மொழிப்பாடம். போட்டு, படம் எடுத்து, கைதட்டிக் கலைந்தால் அது கண்காட்சி.

*

இன்னொரு சண்டையும் பாக்கி இருக்கிறது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு அறுபது லட்சம் டாலர் திரட்டினோம். அதில் தமிழ்நாடு அரசின் பத்துக் கோடி ரூபாயும், உலகம் முழுக்க நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் அனுப்பிய சிறுதொகைகளும் உண்டு. நானும் அனுப்பினேன், அதற்காக வருத்தம் இல்லை. ஆனால் இருக்கையில் உட்காரும் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய ஒரு மாணவர் வர வேண்டும் என்றால், அவர் நாலைந்து வருடத்துக்கு முன்பு எங்கோ ஒரு கல்லூரியில் முதல் பருவத் தமிழ் வகுப்பில் நுழைந்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் பல இடங்களில் நிற்பது இப்படி ஒன்பது மாதத்துக்கு வந்துபோகும் உதவியாளர்தான். உச்சிக்கு நிதி திரட்டுகிறோம். வாசல்படியில் நிற்பவளுக்கு ஒரு பாடப்புத்தகம்கூடக் கொடுத்தனுப்புவதில்லை.

ஜப்பானியம் கற்க விரும்புகிறவர் 1984 முதல் நடக்கும் ஒரு திறன் தேர்வை நோக்கிப் படிக்கலாம். ஜெர்மன் கற்கிறவர் ஏ-1, ஏ-2 என்று படிப்படியாக ஏறலாம். எந்தப் படியில் எதைச் சொல்லத் தெரிய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பிற மாநில ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்தில் தமிழ் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறது. ஒடியாக்காரருக்கும் பஞ்சாபிக்காரருக்கும் தமிழை எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்த ஆசிரியர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களை எந்த மேடையில் பொன்னாடை போர்த்தினோம்?

மென்பொருள் கம்பெனியில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது 'கே.டி.' கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குக் கைமாற்றுவது. இங்கே ஒவ்வொரு வருடமும் ஒருவர் போகிறார், முதல் மூன்று மாதம் திணறுகிறார், ஆறாம் மாதம் பிடிபடுகிறது, ஒன்பதாம் மாதம் விமானம் ஏறிவிடுகிறார். அவர் கண்டுபிடித்தது அவரோடு போய்விடும். அடுத்தவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து. போய்வந்தவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பனிப் படங்கள் அழகாக இருந்தன. உங்கள் பாடக் குறிப்புகள் எங்கே?

*

கிளம்புவதற்கு முன் இருந்த ஒன்பது நாளில் வேறு பெட்டி ஒன்று தயாரித்தோம்.

போனை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினாள். கேட்டு, அனுமதி வாங்கி, பதிவு செய்தாள். பூக்கடையில் முழம் பேரம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூவுவது. டீக்கடையில் பார்சல் கட்டச் சொல்வது. ரேஷன் கடை வரிசை. பாட்டி தன் கல்யாணக் கதையைச் சொல்வது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், மருந்துச் சீட்டு, சினிமா போஸ்டரின் படம். எதற்கும் எடை கிடையாது. ஒவ்வொரு பேச்சையும் பேசியபடியே ஒரு பத்தியிலும், எழுத்துத் தமிழில் எதிர்ப்பத்தியிலும் எழுதினாள். 'வந்துக்கினு இருக்கேன்', 'வந்துட்டு இருக்கேன்', 'வந்துகொண்டிருக்கிறேன்' மூன்றும் ஒரே வரிசையில் வந்தன. முதலாவதுக்கு நேரே, 'எங்க ஊர்' என்று எழுதியிருந்தாள்.

எழுத்துத் தமிழ்ப் பத்தியைத் திருத்திக் கொடுத்தது பெரியப்பா. பேச்சுப் பத்தியை அவர் கண்கொண்டும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஓர் இடத்தில் 'போட்டுக்கினு' என்பதைப் பென்சிலால் அடித்து, 'பூட்டுக்கினு, எங்க அம்மா இப்படித்தான் சொல்வாங்க' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

கடைசி ஒத்திகைக்கு மாடிப் போர்ஷன் அம்மாளே மாணவியாக உட்கார்ந்தார். சித்தி மகள் பலகையில் இரண்டே சொல் எழுதினாள். நான் யார்?

அந்த அம்மாளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அதற்காகத்தானே இந்த ஊருக்கே வந்தார். சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு ரமணர் எழுதிக்காட்டிய பதில்களிலிருந்து பிறந்த அந்தச் சிறு நூலை ஆங்கிலத்தில் நூறு முறை படித்திருப்பார்.

"இதில் எத்தனை சொல்?" என்று கேட்டாள்.

"இரண்டு."

"உங்கள் மொழியில்?"

அம்மாள் விரல்விட்டு எண்ணினார். மூன்று. தமிழில் ஒன்று குறைகிறது. 'இருக்கிறேன்' என்று ஒரு வினை அங்கே இல்லை. தேவையும் இல்லை. 'இது வீடு', 'அவர் டாக்டர்', 'நான் யார்'. ஒரு பெயரையும் இன்னொரு பெயரையும் பக்கத்தில் வைத்தாலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது.

பன்னிரண்டு வருடமாக உச்சரித்த வாக்கியத்தை அவர் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சித்தி மகள் அதற்குக் கீழே 'நான் யாரு?' என்று எழுதி, "பேசும்போது இப்படி" என்றாள். அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயந்திரம் அவர் கீழே இறங்கிப் போய் ஆட்டோக்காரரிடம், "பஸ் ஸ்டாண்ட் போணும், எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார். ஆட்டோக்காரர் தமிழிலேயே நூற்றம்பது என்றாராம். அது அநியாயம். நாலு வார்த்தைக்கு மேல் தெரியாததால் இவரால் பேரம் பேச முடியவில்லை. அதை அடுத்த பாடமாக வைத்துக்கொண்டார்கள்.

பெட்டி இருபத்து இரண்டு கிலோவில் நின்றது. குத்துவிளக்கை எடுத்துவிட்டாள். ஊறுகாயை எடுக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றதும், "போயிட்டு வரேன்" என்றாள். நம் வீடுகளில் வெறும் 'போறேன்' சொல்ல மாட்டோம் இல்லையா. அதை எத்தனையாவது வாரம் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்க நினைத்தேன். நோட்டைப் பிரித்துக் காட்டினாள். முதல் வாரம், வெள்ளிக்கிழமை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.

நான் அன்று இரவே பெங்களூர் பஸ் ஏறினேன். காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.